சுண்டெலிக் கட்டி டிஃப்யூஷன் ஸ்கேன்: நாலு மாடல்ல எதை நம்ப?

சேரன்மாதேவிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டியில இயற்பியல் ஆராய்ச்சி பண்ணுதேன், இது மூணாவது வருசம். எலி ஒண்ணும் என் கையில கிடையாது. வெளிநாட்டுல இருக்க ஒரு கூட்டாளி லேப், 9.4 டெஸ்லா ஸ்கேனர்ல எடுத்த எம்ஆர்ஐ டேட்டாவ அனுப்பி வச்சிருக்காவ. தோலுக்கு அடியில மனுசக் கட்டிச் செல்லு வச்சு வளத்த சுண்டெலிங்க. சிலதுக்கு மருந்து குடுத்திருக்கு, சிலதுக்கு இல்ல. என் சோலி கணக்கு மட்டும்தான்.

ஒவ்வொரு எலிக்கும் 8 பி-மதிப்பு: 0, 250, 500, 1000, 1500, 2000, 3000, 4000 நொடி/மிமீ². ஒவ்வொரு வாக்ஸல்லயும் (படத்தோட ஒரு குட்டிப் பெட்டி) நாலு மாடலப் பொருத்திப் பாத்தேன், அதாவது பி கூடக் கூட சமிக்ஞை எப்படிக் குறையுதுன்னு சொல்லுற நாலு சூத்திரம். ஒற்றை எக்ஸ்போனன்ஷியல் (நம்ம ஏடிசி, எல்லாத் தண்ணிக்கும் ஒரே விரவல் கெழு), கர்ட்டோசிஸ், இழுத்த எக்ஸ்போனன்ஷியல், இரட்டை எக்ஸ்போனன்ஷியல் (வேகமா ஒரு பங்கு தண்ணி, மெதுவா ஒரு பங்கு). ஆர்-ஸ்கொயர் (எவ்வளவு நல்லாப் பொருந்துதுங்கிற எண்ணு) பாத்தா அனேகமா எல்லா வாக்ஸல்லயும் இரட்டைதான் முதல்ல நிக்கி. படமும் அழகா வருது. கட்டிக்கு நடுவுல, செத்துப்போன பகுதியில, மெதுவா நகருற தண்ணியோட பங்கு ஒரே சீரா தெரியுது. அங்க இன்னும் கொஞ்சம் உயிருள்ள செல்லு மிச்சம் இருக்குன்னு எழுதலாம்னு பாத்தேன்.

கைடு கேக்காவ: "நல்லாப் பொருந்துது, சரி. ஆனா அதுதான் சரியான மாடல்னு எப்படிச் சொல்லுதே?" பதில் சொல்ல வரல. இங்க யாராச்சும் இதுல கை வச்சவங்க இருக்கியளா?

தென்காசித்தூறல்

அக்கா, நான் பிஎஸ்சி ரெண்டாம் வருசம். (2019-ல ஜில்லா பிரிஞ்சாலும் நான் நெல்லை இழைதான் படிப்பேன்.) பி-மதிப்புன்னா என்ன? எலிக்குள்ள தண்ணி நகருறத எப்படி அளக்காங்க? பள்ளிக்கூடத்துல "விரவல்"னு ஒரு பாடம் படிச்சேன், மை சொட்டு தண்ணியில பரவுற படம் போட்டு. அதுவா இது?

சேரன்மாதேவிக்காரி

அதேதான் தம்பி. எங்க ஊர் கன்னடியன் கால்வாய வச்சே சொல்லுதேன்.

பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணி விட்டிருக்காங்கன்னு வை. வாய்க்கால்ல தண்ணி ஓடுது. வயலுக்குள்ள வரப்பு கட்டி நிக்கி. வரப்புக்கு வெளியே சந்து பொந்துல கசிஞ்சு சுத்தி வளைஞ்சு போகுது. கட்டிக்குள்ளயும் இந்த மூணும் உண்டு. ரத்தக்குழாய்ல ஓடுறது வாய்க்கால். செல்லுக்குள்ள சவ்வுக்கு உள்ளேயே அடைஞ்சு கிடக்கிறது வயல். செல்லுக்கு இடையில இருக்கிறது கசிவு. மூணையும் ஒண்ணா சேத்து ஒரே எண்ணாத்தான் ஸ்கேனர் குடுக்கும். ஒரு வாக்ஸல் எனக்கு 0.2 மிமீ அகலம், 1 மிமீ தடிப்பு. அதுக்குள்ள ஆயிரக்கணக்குல செல்லு.

பி-மதிப்புங்கிறது தண்ணி நகருறதுக்கு ஸ்கேனர் எவ்வளவு கூர்மையா காது குடுக்குங்கிற அளவு. ரெண்டு காந்தச் சரிவுத் துடிப்பு குடுப்பாங்க. 1965-ல ஸ்டெஜ்ஸ்கல், டேனர்னு ரெண்டு பேரு சொன்ன முறை. முதல் துடிப்பு தண்ணி மூலக்கூறுக்கு அது இருக்க எடத்துக்கு ஏத்த மாதிரி ஒரு அடையாளம் போடுது. ரெண்டாவது அத அழிக்குது. நடுவுல மூலக்கூறு அசையாம நின்னா முழுசா அழியும், சமிக்ஞை அப்படியே இருக்கும். நகந்துட்டா சரியா அழியாது, சமிக்ஞை குறையும். பி கூடக் கூட இந்தக் குறைவு பெருசாகும். எவ்வளவு வேகமா குறையுதுன்னு பாத்துத்தான் விரவல் கெழுவக் கண்டுபிடிக்கோம்.

ரெண்டு துடிப்புக்கும் நடுவுல 40 மில்லிநொடின்னு வச்சுக்க. கெழு 0.001 மிமீ²/நொடின்னா அந்த நேரத்துல ஒரு திசையில சராசரியா 9 மைக்ரான் நகரும். ஒரு செல்லோட அளவும் ஏறக்குறைய அதுதான். அதனாலதான் வரப்பு எங்க இருக்குன்னு தண்ணிக்குத் "தெரியுது".

கணக்குவாத்தியார்_பாளை

தாயி, நான் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். எம்ஆர்ஐ எனக்கு முட்டி வலிக்குப் படுத்த அளவுலதான் பழக்கம். ஆனா உன் கைடு கேட்ட கேள்வி என் பாடம்.

ஒற்றை எக்ஸ்போனன்ஷியல், இரட்டைக்குள்ளயே அடங்கிக் கிடக்கு. ரெண்டாவது பங்க பூஜ்யமாக்கினா ஒற்றை வந்துரும். அப்புறம் இரட்டை எப்படித் தோக்கும்? அளவுரு கூடினா ஆர்-ஸ்கொயர் கூடத்தான் செய்யும். ஏறாட்டாத்தான் உன் புரோகிராம்ல தப்பு. இது ஜாதகத்துல பத்துப் பொருத்தமும் இருக்குன்னு ஜோசியர் சொல்லுத மாதிரி. கட்டத்துல எல்லாம் பொருந்தும். குடும்பம் நடக்குமான்னு கட்டம் சொல்லாது.

1974-ல ஜப்பான்காரர் அகைக்கே ஒரு அளவுகோல் குடுத்தார். பிழை எவ்வளவு குறையுதுங்கிறதோட, அளவுருவுக்கு ஒரு அபராதமும் போடணும். டேட்டா கம்மியா இருந்தா அந்த அபராதத்துக்கு ஒரு திருத்தமும் உண்டு, அது உனக்குக் கட்டாயம் வேணும். 8 புள்ளிதானே வச்சிருக்க. போட்டுப் பாப்போம். சிதறலையும் ஒரு அளவுருவா எண்ணணும். நெறைய பேர் இத மறந்துருதாங்க. ஒற்றைக்கு 3 அளவுரு, அபராதம் 12. கர்ட்டோசிஸுக்கும் இழுத்ததுக்கும் 4, அபராதம் 21.3. இரட்டைக்கு 5, அபராதம் 40.

அதாவது கர்ட்டோசிஸத் தோக்கடிக்க, இரட்டை 18.7 புள்ளி சம்பாதிக்கணும். வர்க்கப்பிழையில அது என்ன கணக்குன்னா, பிழை பத்துல ஒரு பங்காக் குறையணும். குறையுதா?

இதே 16 பி-மதிப்பு இருந்தா வித்தியாசம் 4.4 தான். பிழை கால்வாசி குறைஞ்சாப் போதும், இரட்டை ஜெயிச்சிரும். ஆக, 8 புள்ளியில இரட்டைய ஓட விட்டதே பந்தயத்துக்கு முன்ன காலக் கட்டின மாதிரி. அதுக்கும் நியாயம் செய்யலை.

மேலப்பாளையத்தான்

சார் சொன்னது சரி, ஆனா பாதிதான். நான் வெளிநாட்டுல போஸ்ட்டாக், இதே தொழில்தான்.

தங்கச்சி, "எது நல்லாப் பொருந்துது"ங்கிறது ஒரு கேள்வி. "இந்த எண்ணு உடம்புல எதக் குறிக்குது"ங்கிறது வேற கேள்வி. இரட்டை எக்ஸ்போனன்ஷியல வச்சு வேகமான பங்கு செல்லுக்கு வெளியே, மெதுவான பங்கு உள்ளேன்னு எழுத ஆசை வரும். எழுதிராத. 1996-ல நீண்டார்ஃபும் கூட்டாளிகளும் எலி மூளையில (இது பெரிய எலி) இரட்டை வளைவத் தெளிவா அளந்தாங்க. வேகமான பங்கு சுமார் 80 சதவீதம், மெதுவானது 20 பக்கம். ஆனா மூளையில செல்லுக்கு உள்ள இருக்கதுதான் 80 சதவீதம்! அப்படியே தலைகீழா வந்துச்சு. பொருத்தம் பிரமாதம், விளக்கம் தப்பு. அந்தப் புதிர் இன்னைக்கும் வகுப்புல சொல்லுற பாடம்.

கட்டிக்குன்னே கட்டின மாடல் வேணும்னா வெர்டிக்ட்டப் படி. லண்டன்ல பனாஜியோடாகி குழு, 2014. உன்ன மாதிரியே சுண்டெலி, மனுசக் குடல் கட்டி ரெண்டு வகை. நீ சொன்ன வாய்க்கால், வயல், கசிவு மூணையும் தனித்தனியா எழுதி, செல்லு அளவையும் அளவுருவாவே வச்சாங்க. ஜெம்சிடபின் மருந்து குடுத்தப்புறம் செல்லு சுருங்குறதப் பிடிச்சாங்க, ரெண்டு வகைக் கட்டிக்கும் உள்ள வித்தியாசத்தையும் பிடிச்சாங்க. அதே எலிங்கள்ல ஏடிசியும் ஐவிம்மும் ரெண்டையும் கோட்டை விட்டுச்சு.

தென்காசித்தூறல்

ஐவிம்மா?

மேலப்பாளையத்தான்

1986-ல டெனி ல பிஹான் சொன்னது. நுண்குழாய்ல ரத்தம் ஓடுறதும் ஒரு போலி விரவலா தெரியும், சாதா விரவலவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகமா. அது முழுக்க பி 200-க்குக் கீழேயே முடிஞ்சுபோவும். தங்கச்சிகிட்ட 0-க்கு அப்புறம் 250 தான். அதனால ஐவிம் இந்த டேட்டாவுல ஆகாது. நாலு மாடல்ல அத சேக்காம விட்டது நல்லது.

ஸ்கேன்ரூம்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் எம்ஆர்ஐ டெக்னீசியன், பதினோரு வருசம். ஆராய்ச்சி தெரியாது, மெசின் தெரியும். மனுசனுக்கு நாங்க 0, 800, 1000 எடுத்து ஏடிசி மேப் போட்டு டாக்டருக்கு அனுப்பிருவோம். புராஸ்டேட்டுக்கு மட்டும் 1400-க்கு மேல போவோம். நீங்க 4000 போறிய. அதனால ஒரு கேள்வி: பி பூஜ்யத்துல சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் விகிதம் எவ்வளவு? படத்துல எலிக்கு வெளியே, வெறும் காத்துல, மதிப்பு பூஜ்யமா வருதா?

எங்க மெசின்ல வராது. காத்துலயும் ஒரு சின்ன எண்ணு நிக்கும். மேக்னிட்யூட் படத்துல (சமிக்ஞையோட அளவ மட்டும் காட்டுறது) மைனஸ் கிடையாதுல்லா, அதனால இரைச்சல் எல்லாம் பிளஸ்ஸாவே குமியும்.

சேரன்மாதேவிக்காரி

20 பக்கம் அண்ணாச்சி. காத்துல பூஜ்யம் இல்ல, சின்னதா ஒரு மதிப்பு இருக்கு. அதப் பின்புலம்னு நெனச்சு விட்டுட்டேன்.

மேலப்பாளையத்து அண்ணே, வெர்டிக்ட் ஆகாது. எனக்கு வந்த டேட்டாவுல துடிப்பு இடைவெளி ஒண்ணே ஒண்ணுதான்.

மேலப்பாளையத்தான்

அப்ப கஷ்டம்தான். ஒரே இடைவெளியில செல்லு அளவத் தனியாப் பிரிக்க முடியாது. மை சொட்டு விட்டு ஒரு நிமிசம் கழிச்சு மட்டும் பாத்தா, வரப்பு பக்கத்துல இருக்கா தூரமா இருக்கான்னு தெரியாது. ஒரு நிமிசத்துலயும் பாக்கணும், ஒரு மணி நேரத்துலயும் பாக்கணும். அந்த லேப்காரங்க அடுத்த தடவை எடுக்கும்போது இடைவெளி மூணு நாலு வகையில எடுக்கச் சொல்லு.

கணக்குவாத்தியார்_பாளை

ஸ்கேன்ரூம் தம்பி சொன்னத ராத்திரி உக்காந்து போட்டுப் பாத்தேன். தூக்கம் போச்சு.

பி பூஜ்யத்துல சமிக்ஞை 1, விகிதம் 20, ஆக இரைச்சல் 0.05. உண்மையில சுத்தமான ஒற்றை எக்ஸ்போனன்ஷியல்னே வைப்போம், கெழு 0.001. பி 1000-ல உண்மை 0.368, படத்துல சராசரியா தெரியுறது 0.371. பரவாயில்ல. 2000-ல உண்மை 0.135, தெரியுறது 0.145. 3000-ல உண்மை 0.050, தெரியுறது 0.077. 4000-ல உண்மை 0.018, தெரியுறது 0.065! மூணரை மடங்கு.

இத மடக்கைத் தாள்ல வரைஞ்சு பாரு. நேர்கோடா இறங்க வேண்டியது 2000-க்கு அப்புறம் வளைஞ்சு படுத்துரும். முதல் ஆயிரத்துல சாய்வு 0.99, கடைசி ஆயிரத்துல 0.17. எந்தப் புரோகிராம்கிட்டக் குடுத்தாலும் "வேகமா ஒண்ணு, மெதுவா ஒண்ணு, ரெண்டு தண்ணி இருக்கு"ன்னு சத்தியம் பண்ணும். இருக்கது ஒரே தண்ணி.

இப்ப ஒண்ணு சொல்லு தாயி. கட்டிக்கு நடுவுல, செத்த பகுதியில, மெதுவான பங்கு ஒரே சீரா வருதுன்னு எழுதியிருந்தியே. எவ்வளவு வருது? அந்த மெதுவான கெழு எவ்வளவு?

சேரன்மாதேவிக்காரி

பங்கு 0.06, சில எடத்துல 0.07. மெதுவான கெழு அனேகமா பூஜ்யம்.

கணக்குவாத்தியார்_பாளை

1.25-ஐ 20-ஆல வகு.

சேரன்மாதேவிக்காரி

0.0625.

அய்யோ.

கணக்குவாத்தியார்_பாளை

வெறும் இரைச்சலோட சராசரி, இரைச்சல் அளவுல 1.25 மடங்கு. ரைசியன் பரவலோட (மேக்னிட்யூட் படத்துல இரைச்சல் விழுற விதம்) கணக்கு அது. நீ பாத்த "மிச்சம் இருக்க உயிருள்ள செல்லு" உன் ஸ்கேனரோட இரைச்சல்தான்.

ஸ்கேன்ரூம்

சார் 🙏

அது நடுவுல மட்டும் ஏன் அவ்வளவு சுத்தமா வருதுன்னு நான் சொல்லுதேன். செத்த எடத்துல சவ்வு உடைஞ்சு, தடுக்க ஒண்ணுமில்லாம தண்ணி சுதந்திரமா ஓடும், ஏடிசி கூடும். 0.002-ன்னு வச்சுக்கோங்க. சமிக்ஞை பி 1500-லயே இரைச்சல் தரைய முட்டிரும். அப்புறம் 2000, 3000, 4000 மூணு புள்ளியும் தரையில படுத்துக் கிடக்கும். உயிருள்ள விளிம்புல ஏடிசி கம்மி, 0.0007-ன்னா 2000-லயும் சமிக்ஞை தரையப் போல ஏறக்குறைய நாலு மடங்கு இருக்கும். ஆக எங்க திசு ரொம்ப எளிமையோ அங்கதான் உங்க மேப் ரொம்பச் சிக்கலாக் காட்டும். மனுச ஸ்கேன்ல நீர்க்கட்டியில பாத்திருக்கேன், ஆனா இப்படி யோசிச்சதில்ல.

சேரன்மாதேவிக்காரி

ரெண்டு நாளு இந்தப் பக்கம் வரல. மனசு விட்டுப்போச்சு, உண்மையச் சொன்னா. அந்த நடுப்பகுதிப் படத்த ஒரு செமினார்ல காட்டி கைதட்டலும் வாங்கியாச்சு.

இப்ப செஞ்சது: எலிக்கு வெளியே காத்துல இருந்து இரைச்சல அளந்து, ஒவ்வொரு வாக்ஸல்லயும் மும்மடங்குக்குக் கீழ போன புள்ளிய எல்லாம் தூக்கிட்டேன். நடுவுல சில எடத்துல 4 புள்ளிதான் மிஞ்சுச்சு. அங்க இரட்டையப் பொருத்தவே முடியாது. ஒற்றையே சுத்தமா உக்காருது. விளிம்புல மட்டும் வளைவு உண்மையாவே இருக்கு. அதுலயும் சார் சொன்ன அளவுகோல்ல கர்ட்டோசிஸ்தான் முன்ன வருது, இழுத்தது ஒட்டிப் பின்னாடி வருது.

ஒரே கட்டிக்குள்ள எடத்துக்கு ஒரு மாடல் ஜெயிக்குது. கைடுகிட்ட இத எப்படிச் சொல்ல?

தென்காசித்தூறல்

அக்கா, ஸ்கேன ஒரு பத்துத் தடவ எடுத்து ஆவரேஜ் போட்டா இரைச்சல் போயிராதா?

ஸ்கேன்ரூம்

போவாது தம்பி, இதுலதான் பாதிப்பேர் வழுக்குதாங்க. மேக்னிட்யூட் படங்கள ஆவரேஜ் பண்ணினா ஆட்டம் குறையும், தரை அப்படியே நிக்கும். 0.065 இன்னும் உறுதியான 0.065 ஆகும், அவ்வளவுதான். மேக்னிட்யூட் ஆக்குறதுக்கு முன்ன, காம்ப்ளெக்ஸ் டேட்டாவ (நிஜப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சேந்தது) ஆவரேஜ் பண்ணினாத்தான் தரை இறங்கும். உங்க அக்காகிட்ட அது இருக்கான்னு கேளு.

ராமையன்பட்டி_கால்நடை

கால்நடைக் கல்லூரியில படிக்கேன். எல்லாரும் கணக்கு பேசுதிய, எலியப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறிய.

சுண்டெலி 20, 30 கிராம்தான். ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவுல மயங்கின நிமிசத்துல இருந்து உடம்பு சூடு இறங்க ஆரம்பிக்கும். ஸ்கேனருக்குள்ள வெந்நீர்க் குழாயோ சூடான காத்தோ குடுக்காட்டா மூணு டிகிரி ரொம்ப சாதாரணமாப் போயிரும். தண்ணியோட விரவல் ஒரு டிகிரிக்கு 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே மாறும். மூணு டிகிரின்னா 7 சதவீதம். உங்க மருந்து ஏடிசிய எவ்வளவு மாத்துது? 7 சதவீதத்துக்குப் பக்கத்துலன்னா, மருந்து குடுத்த எலிய எல்லாம் காலையிலயும் குடுக்காத எலிய எல்லாம் மத்தியானமும் எடுத்திருந்தா நீங்க மருந்தப் பாக்கல, ஏசியப் பாக்குதிய. சூட்டுப் பதிவு குடுத்தாங்களா?

அப்புறம் மூச்சு. கட்டி விலாவுல இருந்தா ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடும். மூச்சுக்கு ஏத்தபடி கேட்டிங் பண்ணலன்னா அந்த ஆட்டமும் சமிக்ஞையக் குறைக்கும், ஏடிசி கூடினாப்பல காட்டும். தோலும் காத்தும் சேருற எல்லையில படம் நெளியவும் செய்யும். அதுக்குத்தான் ஜெல் வச்சுப் பொதிவாங்க.

இன்னொண்ணு, மாடல் சரியான்னு கடைசியில ஹிஸ்டாலஜியில (திசுவ வெட்டி மைக்ராஸ்கோப்புல) பாப்பியல்லா? ஃபார்மலின்ல போட்டு, நீர நீக்கி, மெழுகுல பதிச்சப்புறம் திசு சுருங்கிரும். ஒரு சிலைடு 5 மைக்ரான். உங்க எம்ஆர்ஐ துண்டு 1 மிமீ. ஒரு எம்ஆர்ஐ துண்டுக்குள்ள 200 சிலைடு. எந்தச் சிலைட எதோட ஒப்பிடுதியன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க.

சேரன்மாதேவிக்காரி

சூட்டுப் பதிவு கேக்கவே தோணல. மெயில் போட்டாச்சு. நன்றி.

ஸ்கேன்ரூம்

டாக்டர் தம்பி சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. மெசின் சரியா அளக்குதான்னு பாக்க ஒரு எளிய வழி இருக்கு. ஐஸ் தண்ணி. 0 டிகிரியில தண்ணியோட கெழு 0.0011, யாரு அளந்தாலும் அதேதான். 37 டிகிரியில 0.003. ஒரு ஞாயித்துக்கிழமை, கேஸ் இல்லாத நேரம், சர்பத் கடையில உடைச்ச ஐஸ் ஒரு பை வாங்கிட்டு வந்து, பிளாஸ்டிக் டப்பாவுல ரொப்பி, நடுவுல ஒரு சின்னத் தண்ணி பாட்டில நிறுத்தி, தலைக் காயில்ல வச்சேன். முதல் தடவ 0.0013 காட்டுச்சு. மெசின் போச்சுன்னே நெனச்சேன். பாத்தா பாட்டிலுக்குள்ள தண்ணி இன்னும் குளுரவே இல்ல. அரைமணி நேரம் விட்டு எடுத்தேன், 0.0011. பாட்டில அப்பவே வெளிய எடுத்துட்டேன். டப்பா கசிஞ்சு டேபிள் நனைஞ்சதுதான் திங்கக்கிழமை பெரிய பேச்சாப் போச்சு.

உங்க லேப்காரங்களுக்கு இப்படி ஒரு டெஸ்ட் இருக்கான்னு கேளுங்க. இருக்கும்.

கணக்குவாத்தியார்_பாளை

கர்ட்டோசிஸ் ஜெயிச்சுட்டுதுன்னு சந்தோசப்படாத தாயி. அந்தச் சூத்திரம் ஒரு பரவளையம். பி-ல முதல் படி ஒண்ணு, ரெண்டாம் படி ஒண்ணு, அவ்வளவுதான். ஒரு எல்லைக்கு அப்புறம் மேல திரும்பிரும். கெழு 0.001, கர்ட்டோசிஸ் 1-ன்னா பி 3000-ல திரும்பும். அதுக்கு மேல சூத்திரம் "பி கூடினா சமிக்ஞையும் கூடும்"னு சொல்லுது. எந்தத் தண்ணியும் அப்படி நடக்காது. உன் 4000 புள்ளிய அந்த மாடல்ல சேத்ததே தப்பு.

மேலப்பாளையத்தான்

ஆமா. 2005-ல ஜென்சன் குழு சொன்னப்பவே இது சின்ன பி-க்கான விரிவாக்கம்தான். 2000, மிஞ்சினா 2500-ல நிறுத்து. இழுத்ததுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எவ்வளவு தூரம் போனாலும் இறங்கிக்கிட்டே இருக்கும். ஆனா அதுல இருக்க ஆல்ஃபாங்கிற அளவுருவ "கலப்படத்தின் அளவு"ன்னு சொல்லலாமே தவிர, எந்த செல்லு எந்த சவ்வுன்னு சுட்டிக் காட்ட முடியாது.

ஸ்கேன்ரூம்

அப்ப கடைசியில பேசாம ஏடிசியே போதும்னு சொல்லிருங்களேன். மனுசனுக்கு அதத்தான் தினமும் பாக்கோம், டாக்டருங்க முடிவும் எடுக்காங்க. நாலு அளவுரு வச்சு என்ன செய்யப் போறிய?

மேலப்பாளையத்தான்

அண்ணாச்சி, மன்னிக்கணும், இதுல நான் ஒத்துக்க மாட்டேன். ஏடிசி கூடினா செல்லு செத்துச்சுன்னு அர்த்தம்; செல்லுக்கு வெளியே நீர் கோத்து வீக்கம் வந்தாலும் கூடும். குறைஞ்சா செல்லு நெருங்கிச்சுன்னு அர்த்தம். செல்லு உப்பினாலும் குறையும். ஒரே எண்ணுக்கு ரெண்டு கதை. அந்த 2014 வேலையில ஏடிசி மருந்தப் பாக்காம விட்டதே அதனாலதான். மனுசனுக்கு நேரமில்ல, அதனால அது போதும். எலிக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. அங்கயும் ஏடிசியே போதும்னா எலிய எதுக்குப் போடணும்?

கணக்குவாத்தியார்_பாளை

உங்க வெர்டிக்ட்ல எல்லா அளவுருவையும் டேட்டாவுல இருந்தா எடுக்காங்க? புராஸ்டேட்டுக்குப் போட்டதப் படிச்சேன். செல்லுக்குள்ள கெழு இவ்வளவு, வெளியே இவ்வளவுன்னு முதல்லயே ஆணி அடிச்சு வச்சிட்டாங்க. சவ்வு வழியா தண்ணி கடக்கவே கடக்காதுன்னும் வச்சிட்டாங்க. வரப்புல கசிவே இல்லைங்கிற மாதிரி.

மேலப்பாளையத்தான்

ஆணி அடிச்சதுதான் சார், மறுக்கல. அடிக்காட்டா பொருத்தம் அலைபாயும். எந்த ஆணி எங்க அடிச்சோம்னு வெளிப்படையா எழுதி இருக்கு, இரட்டை எக்ஸ்போனன்ஷியல்ல அதுகூட இல்ல. தண்ணி கடக்கிறதப் பத்திச் சொன்னது நியாயம். சவ்வு ஓட்டையான கட்டியில அது செல்லு அளவ ஏமாத்தும்.

ராமையன்பட்டி_கால்நடை

எலிய எதுக்குப் போடணும்னு கேட்டிய. அதே எலிய வாராவாரம் ஸ்கேன் பண்ணினா, ஒவ்வொரு வாரமும் கொஞ்சத்த அறுத்துப் பாக்க வேண்டாம். 1959-ல ரஸ்ஸலும் பர்ச்சும் விலங்கு ஆராய்ச்சிக்குச் சொன்ன மூணு நெறியில "குறை"ங்கிறது அதுதான். மாடல் சண்டைய நீங்க போடுங்க, எனக்கு அது போதும்.

சேரன்மாதேவிக்காரி

சார், அண்ணே, ரெண்டு பேரும் சண்டை போட்டதுல எனக்கு ஒரு வழி கிடைச்சுது. மாடல எல்லாப் புள்ளியிலயும் பொருத்தாம, ஒரு புள்ளிய மறைச்சு வச்சு, மிச்சத்துல பொருத்தி, மறைச்சத சரியாச் சொல்லுதான்னு பாத்தேன். பி 2000 வரைக்கும் மட்டும். விளிம்புல 1500-ஐ மறைச்சா கர்ட்டோசிஸும் இழுத்ததும் நல்லாச் சொல்லுது. 2000-ஐ மறைச்சா, அதாவது வெளிப்பக்கம் ஊகிக்கச் சொன்னா, கர்ட்டோசிஸ் கொஞ்சம் வழுக்குது, இழுத்தது நிக்கி. இரட்டை ரெண்டுலயும் ஒரு வாக்ஸல்ல ஒண்ணு சொல்லுது, அடுத்த வாக்ஸல்ல வேறொண்ணு சொல்லுது. ஆர்-ஸ்கொயர்ல முதல்ல நின்ன அதே மாடல்.

கைடுகிட்ட இன்னைக்கு இதக் காட்டினேன். நடுப்பகுதிப் படத்தையும் பக்கத்துல வச்சு, பழசு ஒண்ணு, தரைய நீக்கினது ஒண்ணு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "செமினார்ல கைதட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்"னாவ. ரெண்டு படத்தையும் அத்தியாயத்துல போடச் சொல்லிட்டாவ.

தென்காசித்தூறல்

அக்கா, காம்ப்ளெக்ஸ் டேட்டா இருக்கான்னு கேக்கச் சொன்னாங்களே, கேட்டிங்களா?

சேரன்மாதேவிக்காரி

கேட்டாச்சு தம்பி. இருக்காம். சமிக்ஞையோட ஃபேஸத் திருத்தி நிஜப் பகுதிய மட்டும் எடுத்தா இரைச்சல் பிளஸ்ஸும் மைனஸுமா வரும், தரையே இருக்காது, 4000 புள்ளியவும் திரும்ப எடுத்துக்கலாம். சூட்டுப் பதிவும் சேத்து அனுப்பியிருக்காவ. ரெண்டு எலிக்கு 34 டிகிரி. அந்த ரெண்டும் மருந்து குடுக்காத பக்கம்.

மொத்தம் 62 ஜிபி. ஹாஸ்டல் வைஃபையில சாயங்காலம் போட்டது, இப்ப 9 சதவீதம். கரண்ட் போகாம இருக்கணும்.